ஜாவா_ஹோம் முதல் பாத் வரை: விண்டோஸ், மேக், லினக்ஸில் சூழல் மாறிகளை அமைக்கும் வழி

ஆண்ட்ராய்டு செயலி எழுதக் கிளம்பும் புதியவர்களில் பலர், முதல் வரி நிரலுக்கு முன்பே ஓரிடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். ‘ஜாவா_ஹோம் அமைக்கப்படவில்லை, பாத்திலும் ஜாவா இல்லை’ என்று சொல்லி, செயலியைக் கட்டித்தரும் கருவியான கிரேடில் நின்றுவிடும். எங்கோ கண்ட இரண்டு வரிகளை ஒட்டிப் பார்ப்பார்கள்; அதே பிழை மறுபடி வரும். கணினியை அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகும், சில நேரம் ஆகாது. ஏன் ஆனது, ஏன் ஆகவில்லை என்று தெரியாமலே ஒரு வார இறுதி கழிந்துவிடும். அந்த வார இறுதியை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இந்தக் கட்டுரை.

ஆண்ட்ராய்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், சூழல் மாறிகளில் (எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பது போன்ற விவரத்தை நிரல்களுக்குச் சொல்லும், பெயரிட்ட மதிப்புகளில்) வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அதில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் கற்பவர்களுக்கும் இதே மூன்று மாறிகள்தான்: ஜாவா_ஹோம், ஆண்ட்ராய்டு_ஹோம், பாத். பைத்தானோ நோடோ எழுதுபவர்கள் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

மாறிகளையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்: மாறியின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து, கட்டளை முழுக்கச் சிறிய எழுத்து. இடையில் வரும் அடிக்கோடு, டாலர் குறி, சதவீதக் குறி, சாய்வுக் கோடு எல்லாம் அப்படியே.

1. கை வைக்கும் முன் இரண்டு விதிகள்

முதல் விதி. எந்த நிரலும் தொடங்கும் நொடியில், தன்னைத் தொடங்கிவைத்த நிரலிடமிருந்து மாறிகளின் நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளும். அதன் பிறகு நீங்கள் வெளியே எதை மாற்றினாலும் அதற்குத் தெரியாது. காலையில் திறந்த டெர்மினலிடம் (கட்டளை தட்டும் ஜன்னல்) காலை நேர நகல்தான் இருக்கும். அந்த டெர்மினலிலிருந்து திறந்த எடிட்டருக்கும், எடிட்டருக்குள் திறந்த சின்ன டெர்மினலுக்கும் அதே பழைய நகல்தான் போகும். ‘மாற்றினேன், ஆனால் மாறவில்லை’ என்ற புகாரில் பெரும்பகுதி இதனால் வருவது.

இரண்டாவது விதி பாத்துக்கு மட்டும். அது ஃபோல்டர்களின் பட்டியல். ஒரு கட்டளையைத் தட்டினால் கணினி இடமிருந்து வலமாக ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்து, முதலில் கிடைத்ததை ஓட்டிவிடும். ஜாவா 17 பட்டியலில் இருந்தும் ஜாவா 8 ஓடுகிறதென்றால், 8 அதற்கு முன்னால் இருக்கிறது என்று பொருள். பட்டியலைப் பிரிக்கும் குறி விண்டோஸில் அரைப்புள்ளி, மேக்கிலும் லினக்ஸிலும் முக்காற்புள்ளி. ஓர் இயங்குதளத்தின் வரியை இன்னொன்றில் ஒட்டினால் பட்டியல் சரியாகப் பிரியாது.

2. தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: பதிப்பு, செலவு, நேரம்

எந்த ஜேடிகே (ஜாவா நிரலைத் தொகுக்கவும் ஓட்டவும் தேவையான கருவித் தொகுப்பு)? ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.0 முதல் ஜேடிகே 17 கட்டாயம். 7.0க்கு 11 போதும். புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் 17ஐ எடுங்கள். ‘இருப்பதிலேயே புதியது’ என்று பார்த்து எடுக்காதீர்கள். கிரேடில் 8.5 முதல்தான் ஜாவா 21இல் ஓடும்; அதைவிடப் பழைய கிரேடில் உள்ள பயிற்சித் திட்டத்தை 21இல் ஓட்டினால் ‘ஆதரிக்கப்படாத மேஜர் வெர்ஷன் 65’ என்று வரும். அந்த எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். அதிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு கிடைத்துவிடும்: 65 என்றால் 21, 61 என்றால் 17, 55 என்றால் 11, 52 என்றால் 8.

செலவு இல்லை. எக்லிப்ஸ் டெமுரின் எனும் ஓபன்ஜேடிகே தொகுப்பு வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம். ஆரக்கிளின் சொந்த ஜேடிகேயை எடுப்பவர்கள் உரிமத்தைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ஜாவா 8 அப்டேட்டுகளையும், 2024 செப்டம்பருக்குப் பிறகு வந்த ஜாவா 17 அப்டேட்டுகளையும் நிறுவனப் பணிக்குப் பயன்படுத்தினால் கட்டணம் கேட்கும் நிலை வரலாம். கற்பவருக்கு அந்தத் தலைவலி தேவையில்லை, டெமுரினை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாறிகளை அமைக்க ஆகும் நேரம் ஒரு கணினிக்கு 15 நிமிடம். தரவிறக்கம்தான் நேரம் பிடிக்கும். ஜேடிகே சில நூறு எம்பி; ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எஸ்டிகே எனும் ஆண்ட்ராய்டு கருவித் தொகுப்பு, எமுலேட்டர் எனும் கணினிக்குள் ஓடும் போலிக் கைப்பேசி மூன்றும் சேர்ந்தால் பல ஜிபி ஆகிவிடும். மொபைல் டேட்டாவை நம்பி இறக்குபவர்கள் எமுலேட்டரை விட்டுவிட்டு, சொந்தக் கைப்பேசியை யூஎஸ்பி வழியாக இணைத்துச் சோதிக்கலாம்.

இன்னும் மூன்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஜேடிகே எந்த ஃபோல்டரில் இருக்கிறது. எஸ்டிகே எங்கே இருக்கிறது. இப்போதைய பாத்தின் முழு மதிப்பு என்ன. மூன்றாவதை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் ஒட்டி வைத்துவிடுங்கள். பாத்தை அழித்துவிட்டால் திரும்பக் கொண்டுவர அந்தக் கோப்புதான் கை கொடுக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தானாக வைக்கும் எஸ்டிகே, விண்டோஸில் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், ஆண்ட்ராய்டு, எஸ்டிகே என்ற வரிசையில் இருக்கும். மேக்கில் வீட்டு ஃபோல்டரின் லைப்ரரி, ஆண்ட்ராய்டு, எஸ்டிகே. லினக்ஸில் வீட்டு ஃபோல்டரின் ஆண்ட்ராய்டு, எஸ்டிகே. மேக்கில் அந்தக் கடைசிப் பெயர் முழுக்கச் சிறிய எழுத்து. லினக்ஸில் முதலெழுத்து பெரியது, அங்கே அந்த வேறுபாட்டை மாற்றித் தட்டினால் ஃபோல்டரே கிடைக்காது.

விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பயனர் ஃபோல்டரின் பெயரும் தமிழில் இருக்கும். ஆங்கிலமல்லாத எழுத்துள்ள பாதையில் எஸ்டிகேயையோ திட்டத்தையோ வைத்தால் ஆண்ட்ராய்டு கருவிகள் மறுக்கும். பெயரில் இடைவெளி இருந்தால் சி மொழி நிரல்களுக்கான என்டிகே பக்கத்தில் தொல்லை வரும். பயனர் கணக்கை மாற்ற வேண்டியதில்லை. சி டிரைவின் வேரில் ‘ஆண்ட்ராய்டு’ என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, எஸ்டிகேயையும் திட்டங்களையும் அங்கே வையுங்கள்.

3. ஜாவா_ஹோம் எதைக் காட்ட வேண்டும்

இதில் தவறுபவர்கள் ஏராளம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். ஜாவா_ஹோம் காட்ட வேண்டியது ‘பின்’ என்ற ஃபோல்டரைத் தனக்குள் வைத்திருக்கும் ஃபோல்டரை. ‘பின்’ ஃபோல்டரையே அல்ல, அதற்குள் இருக்கும் ஜாவா கோப்பையும் அல்ல. பாத் மட்டும்தான் ‘பின்’ வரைக்கும் போக வேண்டும். தவறாகக் காட்டினால் ‘ஜாவா_ஹோம் செல்லாத ஃபோல்டரைக் காட்டுகிறது’ என்று கிரேடில் சொல்லும். ‘அமைக்கப்படவில்லை’ என்பதும் ‘செல்லாத ஃபோல்டர்’ என்பதும் வேறு வேறு பிழைகள். முதலாவது வந்தால் மதிப்பு நிரலுக்கு எட்டவே இல்லை, விதி ஒன்றுக்குப் போங்கள். இரண்டாவது வந்தால் மதிப்பு எட்டிவிட்டது, எழுத்து தவறு.

‘பின்’ ஃபோல்டருக்குள் ஜாவாசி என்ற கோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் போட்டது ஜேஆர்இ. அது ஓட்டும், தொகுக்காது.

4. விண்டோஸ்

டெமுரின் எம்எஸ்ஐ (விண்டோஸ் நிறுவி) கோப்பைத் திறந்ததும் ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போகாதீர்கள். அம்சங்களைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ‘பாத்தில் சேர்’ என்பது ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். ‘ஜாவா_ஹோமை அமை’ என்பதில் சிவப்புக் குறி இருக்கும். அதை அழுத்தி இயக்கிவிடுங்கள். இதைச் செய்துவிட்டால் ஜாவா_ஹோமைக் கையால் அமைக்க வேண்டாம். இன்னொரு நன்மையும் உண்டு. ஜேடிகேயின் ஃபோல்டர் பெயரிலேயே முழுப் பதிப்பு எண் இருப்பதால், அப்டேட் ஆகும்போது பெயர் மாறிவிடும். கையால் எழுதிய ஜாவா_ஹோம் பழைய பெயரைக் காட்டிக்கொண்டே இருக்கும். நேற்று ஓடியது இன்று ‘செல்லாத ஃபோல்டர்’ என்று நிற்கும்.

ஆண்ட்ராய்டு_ஹோமுக்கு ஸ்டார்ட் மெனுவில் ‘என்விரான்மென்ட்’ என்று தட்டுங்கள். இரண்டு முடிவுகள் வரும்: உங்கள் கணக்குக்கானது, முழுக் கணினிக்கானது. உங்கள் கணக்குக்கானதைத் திறங்கள். அட்மின் அனுமதி கேட்காது, கல்லூரி ஆய்வகக் கணினியிலும் அலுவலக லேப்டாப்பிலும் பெரும்பாலும் வேலை செய்யும். மேல் பாதியில் ‘நியூ’ அழுத்தி, பெயர் ஆண்ட்ராய்டு_ஹோம், மதிப்பு எஸ்டிகே பாதை என்று கொடுங்கள். மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறி போடாதீர்கள். பாதையில் இடைவெளி இருந்தாலும் வேண்டாம். இந்தத் திரையில் போட்டால் மேற்கோளும் மதிப்பின் பகுதியாகிவிடும்.

அடுத்து அதே மேல் பாதியில் ‘பாத்’ வரியைத் தேர்ந்து ‘எடிட்’ அழுத்துங்கள். விண்டோஸ் 10லும் 11லும் பட்டியலாக வரும். ‘நியூ’ அழுத்தி ஒவ்வொன்றாகச் சேருங்கள்:

%ஆண்ட்ராய்டு_ஹோம்%\பிளாட்ஃபார்ம்-டூல்ஸ்
%ஆண்ட்ராய்டு_ஹோம்%\எமுலேட்டர்
%ஆண்ட்ராய்டு_ஹோம்%\சிஎம்டிலைன்-டூல்ஸ்\லேட்டஸ்ட்\பின்

கைப்பேசியோடு பேசும் ஏடிபி கருவி முதலாவதில் இருக்கிறது. பழைய பயிற்சிக் குறிப்புகள் ‘டூல்ஸ்’ என்ற ஃபோல்டரையும் சேர்க்கச் சொல்லும். அது கைவிடப்பட்டது, சேர்க்காதீர்கள். ஆண்ட்ராய்டு_எஸ்டிகே_ரூட் என்ற மாறியும் அப்படியே; அதையும் ஆண்ட்ராய்டு_ஹோமையும் இரு வேறு இடங்களுக்கு அமைத்துவிட்டால் ஒரு கருவி இங்கும் இன்னொன்று அங்கும் தேடும். முடித்ததும் திறந்திருக்கும் எல்லா ஜன்னலிலும் ‘ஓகே’ அழுத்துங்கள். மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் செய்ததெல்லாம் போய்விடும்.

இந்தத் திரையில் தெரியாத ஒரு சூட்சுமம் உண்டு. மற்ற மாறிகளில் உங்கள் கணக்கின் மதிப்பு கணினி அளவிலான மதிப்பை மீறும். பாத் மட்டும் அப்படியல்ல. இரண்டும் ஒட்டப்படும், அதிலும் கணினியின் பட்டியல் முதலில், உங்களுடையது பின்னால். ஆகவே கணினி அளவில் பழைய ஆரக்கிள் ஜாவாவின் ‘ஜாவாபாத்’ ஃபோல்டர் இருந்தால், உங்கள் பட்டியலில் ஜாவா 17ஐ எவ்வளவு மேலே ஏற்றினாலும் பயனில்லை. அட்மின் உரிமையுடன் கீழ்ப் பாதியைத் திறந்து அந்தப் பழைய வரியை நீக்கவோ கீழே இறக்கவோ வேண்டும். இன்னொன்று: கீழ்ப் பாதியின் பாத்தில், மேல் பாதியில் அமைத்த மாறியைச் சதவீதக் குறியிட்டுச் சுட்டாதீர்கள். கணினியின் பட்டியல் உருவாகும் நேரத்தில் உங்கள் கணக்கின் மாறி இன்னும் பிறந்திருக்காது.

மாறிகளை நிரந்தரமாக எழுதும் செட்எக்ஸ் கட்டளையை பாத்துக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். இதை அழுத்தமாகச் சொல்லக் காரணம், பல வழிகாட்டிகள் ‘செட்எக்ஸ் பாத்’ என்று எழுதி, பின்னால் சதவீதக் குறிக்குள் பாத்தையும் புதிய ஃபோல்டரையும் போடச் சொல்கின்றன. அது 1024 எழுத்துக்கு மேல் இருப்பதை வெட்டி எறிந்துவிடும். போதாததற்குக் கணினியின் முழுப் பட்டியலையும் உங்கள் கணக்கின் பட்டியலுக்குள் கொட்டிவிடும். வெட்டுப்பட்டதை மீட்க விண்டோஸில் ‘அன்டூ’ இல்லை. தவறிச் செய்துவிட்டீர்களா? திறந்திருக்கும் எந்த ஜன்னலையும் மூடாதீர்கள். விதி ஒன்று இங்கே உங்களுக்கு உதவும்: அதற்கு முன்பே திறந்த கமாண்ட் பிராம்ட் ஒன்று இருந்தால் அதனிடம் பழைய நகல் அப்படியே இருக்கும். அதில் ‘எக்கோ %பாத்%’ தட்டி, வருவதை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

பாத் அல்லாத எளிய மாறிகளுக்கு செட்எக்ஸ் சரிதான். ‘செட்’ என்பது வேறு. அது அந்த ஜன்னலோடு முடிந்துவிடும். பவர்ஷெல்லில் செட் என்று தட்டினால் அது வேறு வேலை செய்யும், அங்கே டாலர் குறி, ‘என்வ்’, முக்காற்புள்ளி, பெயர், சமக்குறி, மேற்கோளுக்குள் மதிப்பு என்று எழுத வேண்டும். கமாண்ட் பிராம்ட் உதாரணத்தை பவர்ஷெல்லில் ஒட்டிவிட்டு, பிழை எதுவும் வரவில்லையே என்று நம்பி ஏமாறுபவர்கள் அதிகம்.

எல்லாம் முடிந்ததும் ரீஸ்டார்ட் தேவையில்லை. ஆனால் டெர்மினல், எடிட்டர் எல்லாவற்றையும் முழுவதும் மூடித் திறக்க வேண்டும். விஎஸ் கோடில் ‘ரீலோட் விண்டோ’ போதாது, எல்லா ஜன்னலையும் மூடுங்கள். ஜெட்பிரெயின்ஸ் டூல்பாக்ஸ் வழியாக ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறப்பவர்கள், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் டூல்பாக்ஸையும் மூட வேண்டும். பழைய நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோவைப் பெற்றெடுப்பது அதுதான்.

5. மேக்

2019இல் வந்த கேட்டலினா முதல் மேக்கின் இயல்பு ஷெல் (டெர்மினலில் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) இசட்எஸ்எச். ‘பாஷ் புரொஃபைல்’ கோப்பில் எழுதச் சொல்லும் பழைய குறிப்புகள் இப்போது பயன்படா. அந்தக் கோப்பை யாரும் படிக்க மாட்டார்கள். எழுத வேண்டிய இடம் வீட்டு ஃபோல்டரில் உள்ள .இசட்எஸ்எச்ஆர்சி. இல்லையென்றால் உருவாக்குங்கள். அதில் சேர்க்க வேண்டியவை:

எக்ஸ்போர்ட் ஜாவா_ஹோம்=$(/யுஎஸ்ஆர்/லிப்எக்ஸெக்/ஜாவா_ஹோம் -வி 17)
எக்ஸ்போர்ட் ஆண்ட்ராய்டு_ஹோம்="$ஹோம்/லைப்ரரி/ஆண்ட்ராய்டு/எஸ்டிகே"
எக்ஸ்போர்ட் பாத்="$பாத்:$ஆண்ட்ராய்டு_ஹோம்/பிளாட்ஃபார்ம்-டூல்ஸ்:$ஆண்ட்ராய்டு_ஹோம்/எமுலேட்டர்"

முதல் வரியில் அடைப்புக்குள் வரும் ஜாவா_ஹோம் சிறிய எழுத்தில், அது மேக்கோடு வரும் ஒரு நிரல். எந்த ஜேடிகே எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்லும், அதனால் அப்டேட்டில் பாதை மாறினாலும் கவலையில்லை. ஹோம்ப்ரூ எனும் நிறுவல் கருவியின் ‘ஓபன்ஜேடிகே@17’ ஃபார்முலாவைப் போட்டவர்களுக்கு மட்டும் இது கண்டுபிடிக்காது. அது ஹோம்ப்ரூவின் சொந்த ஃபோல்டரில் ஒதுங்கி இருக்கும். நிறுவி முடித்ததும் திரையில் வரும் இணைப்புக் கட்டளையை ஓட்டினால்தான் கணினிக்குத் தெரியும். ஹோம்ப்ரூவின் இன்னொரு வழியான ‘காஸ்க்’ மூலம் டெமுரின்@17 போட்டால் இந்த வேலை இல்லை.

சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி கூடாது. ஓர் இடைவெளி விட்டாலும் பிழை. வீட்டு ஃபோல்டரைக் குறிக்கும் அலைக்குறியை மேற்கோளுக்குள் போட்டால் அது விரியாது, வெறும் எழுத்தாகவே நிற்கும். அதனால்தான் மேலே $ஹோம் என்று எழுதினேன். மூன்றாவது வரியில் தொடக்கத்தில் வரும் $பாத்தை விட்டுவிட்டால் பழைய பட்டியல் முழுவதும் போய், எல்எஸ் கட்டளைகூடக் கிடைக்காது. அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம்: ‘எக்ஸ்போர்ட் பாத்=/யுஎஸ்ஆர்/பின்:/பின்’ என்று தட்டுங்கள், அந்த ஜன்னலில் அடிப்படைக் கட்டளைகள் திரும்பும். பிறகு நானோ எனும் டெர்மினல் எடிட்டரில் கோப்பைத் திறந்து திருத்துங்கள். லினக்ஸிலும் இதே மருந்துதான்.

.இசட்எஸ்எச்என்வ் கோப்பில் பாத்தை எழுதாதீர்கள். லாக்கின் ஷெல் தொடங்கும்போது மேக்கின் ‘பாத்_ஹெல்பர்’ அதற்குப் பிறகு வந்து, கணினியின் ஃபோல்டர்களை முன்னால் தள்ளி உங்களுடையதைப் பின்னால் போட்டுவிடும். வரிசை ஏன் மாறியது என்று தெரியாமல் தவிக்க நேரும்.

‘விச் ஜாவா’ என்று கேட்டால் மேக் பெரும்பாலும் /யுஎஸ்ஆர்/பின்/ஜாவா என்று காட்டும், ஜாவாவே இல்லாத கணினியிலும். அது ஒரு பொம்மை வாசல். ஜாவா_ஹோமைப் பார்த்து உண்மையான ஜாவாவுக்கு அனுப்பிவைக்கும். ஆகவே மேக்கில் ‘ஜாவா -வெர்ஷன்’ சொல்வதை மட்டும் நம்புங்கள்.

டாக் பட்டையில் சொடுக்கித் திறக்கும் நிரல்களுக்கு உங்கள் ஷெல் பெற்றோர் அல்ல, அதனால் .இசட்எஸ்எச்ஆர்சி அவற்றைத் தானாக எட்டாது. விஎஸ் கோட் போன்றவை பின்னணியில் ஒருமுறை ஷெல்லை ஓட்டி மதிப்புகளை வாங்கிக்கொள்கின்றன. எல்லா நிரலும் அப்படிச் செய்வதில்லை. செய்யாத நிரலுக்கு ‘லான்ச்சிடிஎல் செட்என்வ்’, பெயர், மதிப்பு என்று தட்டிவிட்டு அந்த நிரலை கமாண்ட்-கியூ அழுத்தி மூடித் திறங்கள். ரீஸ்டார்ட் ஆனால் இது மறைந்துவிடும்.

6. லினக்ஸ்

உபுண்டுவை வைத்துச் சொல்கிறேன். ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஓபன்ஜேடிகே-17-ஜேடிகே’ என்று முழுப் பெயர் கொடுத்து நிறுவுங்கள் (சூடோ என்பது அட்மின் உரிமையோடு ஓட்டச் சொல்வது). ‘டிஃபால்ட்-ஜேடிகே’ எந்தப் பதிப்பைத் தரும் என்பது உபுண்டுவின் பதிப்புக்கேற்ப மாறும். இடம் தெரிய, ‘ரீட்லிங்க் -எஃப் /யுஎஸ்ஆர்/பின்/ஜாவா’ தட்டி, வருவதன் முடிவிலுள்ள /பின்/ஜாவாவை வெட்டிவிடுங்கள். சாதாரண கணினியில் மிஞ்சுவது இது:

/யுஎஸ்ஆர்/லிப்/ஜேவிஎம்/ஜாவா-17-ஓபன்ஜேடிகே-ஏஎம்டி64

வேறு பதிப்பைக் காட்டினால் ‘சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --கான்ஃபிக் ஜாவா’ என்று கொடுத்து 17ஐத் தேர்ந்தெடுங்கள். அது கட்டளையை மட்டும்தான் மாற்றும், ஜாவா_ஹோமை மாற்றாது. இரண்டும் முரண்பட்டால் கிரேடில் ஜாவா_ஹோமின் பக்கம் நிற்கும்.

மேக்குக்குச் சொன்ன அதே மூன்று எக்ஸ்போர்ட் வரிகள், பாதைகளை மட்டும் மாற்றி. ஜாவா_ஹோமுக்கு மேலே கண்ட பாதையை நேரடியாக எழுதுங்கள். எந்தக் கோப்பில் என்பதுதான் கேள்வி. .பாஷ்ஆர்சியில் எழுதினால் நீங்கள் திறக்கும் டெர்மினல்களுக்குக் கிடைக்கும்; மெனுவில் சொடுக்கித் திறக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் கிடைக்காமல் போகலாம். .புரொஃபைலில் எழுதினால் இரண்டுக்கும் கிடைக்கும், ஆனால் லாக்-அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். என் பரிந்துரை .புரொஃபைல். ஒரு பொறி இருக்கிறது: வீட்டு ஃபோல்டரில் .பாஷ்_புரொஃபைல் என்ற கோப்பு இருந்தால் பாஷ் அதை மட்டும் படித்துவிட்டு .புரொஃபைலைத் தொடாது. அந்தக் கோப்பை நீங்கள் உருவாக்கியிருக்க வேண்டியதில்லை, ஏதாவது ஒரு கருவியின் நிறுவி உருவாக்கியிருக்கலாம். ‘எல்எஸ் -ஏ’ போட்டுப் பாருங்கள்.

/ஈடிசி/என்விரான்மென்ட் கோப்பு எல்லாப் பயனர்களுக்குமானது, ஆனால் அது ஷெல் நிரல் அல்ல. எக்ஸ்போர்ட் என்ற சொல் அங்கே வேண்டாம். $ஹோம் போன்றவை அங்கே விரியாது. பாதையை முழுதாக எழுத வேண்டும்.

சூடோ போட்டு ஓட்டினால் உங்கள் மாறிகள் உதிர்ந்துவிடும், பாத்தும் மாற்றப்படும். ‘ஏடிபி எனக்கு ஓடுகிறது, சூடோவில் கிடைக்கவில்லை’ என்பதற்கு அதுதான் காரணம். கிரேடிலுக்குச் சூடோவே போடாதீர்கள். ரூட் பெயரில் கோப்புகள் உருவாகி, மறுமுறை சாதாரணமாக ஓட்டும்போது அனுமதிப் பிழை வரும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானும், பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சேவைகளும் உங்கள் ஷெல் கோப்புகளைப் படிப்பதில்லை. கிரான் கோப்பின் தலையில் பாத் வரியை எழுதுங்கள்; சேவைக் கோப்பில் ‘என்விரான்மென்ட்=’ வரியைச் சேருங்கள்.

விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் எனும் லினக்ஸை ஓட்டுபவர்களுக்கு: அங்கே விண்டோஸின் பாத் லினக்ஸ் பாத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். லினக்ஸில் நோடோ வேறு கருவியோ நிறுவாமலே ஓடுவதுபோலத் தெரிந்தால், ஓடுவது விண்டோஸுடையது. /ஈடிசி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃபில் ‘இன்டராப்’ தலைப்பின் கீழ் ‘அப்பெண்ட்விண்டோஸ்பாத்=ஃபால்ஸ்’ என்று எழுதி, டபிள்யூஎஸ்எல்லை முழுவதும் நிறுத்தித் தொடங்கினால் ஒட்டாது.

7. சரிபார்ப்பு

புதிய டெர்மினலில் வரிசையாக: முதலில் ஜாவா_ஹோமின் மதிப்பை எக்கோ செய்யுங்கள். அடுத்து ‘ஜாவா -வெர்ஷன்’. பிறகு ‘ஏடிபி வெர்ஷன்’. கடைசியில் திட்ட ஃபோல்டருக்குள் போய் ‘./கிரேடில்டபிள்யூ --வெர்ஷன்’ (கமாண்ட் பிராம்ட்டில் முன்னால் ./ வேண்டாம்). கிரேடில் உண்மையில் எந்த ஜாவாவில் ஓடுகிறது என்று இதுதான் சொல்லும். ஒன்றுக்கு மேற்பட்ட ஜாவா இருக்கிறதா என்று பார்க்க லினக்ஸிலும் மேக்கிலும் ‘விச் -ஏ ஜாவா’, விண்டோஸில் ‘வேர் ஜாவா’. பவர்ஷெல்லில் ‘வேர்’ என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர், எதுவும் காட்டாமல் திரும்பிவிடும், ‘வேர்.ஈஎக்ஸ்இ ஜாவா’ என்று முழுதாகத் தட்டுங்கள்.

எஸ்டிகேயின் பகுதிகளை இறக்கித்தரும் எஸ்டிகேமேனேஜர் கிடைக்கவில்லையா? கமாண்ட் லைன் கருவிகளைத் தனி ஜிப்பாக இறக்கியிருந்தால், விரித்ததும் ‘சிஎம்டிலைன்-டூல்ஸ்’ ஃபோல்டர் வரும். அதன் உள்ளடக்கத்தை எஸ்டிகேக்குள் சிஎம்டிலைன்-டூல்ஸ், அதற்குள் ‘லேட்டஸ்ட்’ என்ற ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டும். அந்த ஒரு அடுக்கு குறைந்தால் எஸ்டிகே எங்கே என்று தெரியாமல் பிழை தரும். பிறகு ‘எஸ்டிகேமேனேஜர் --லைசென்சஸ்’ ஓட்டி உரிமங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்காதவரை முதல் பில்ட் பாதியில் நிற்கும்.

8. மாறிகள் சரி, ஆனால் வேறு எதுவோ மீறுகிறது

எல்லாச் சோதனையும் தேறியும் பழைய ஜாவாவே ஓடினால், மாறியைவிட வலிமையான ஓர் அமைப்பு எங்கோ எழுதப்பட்டிருக்கிறது. கிரேடில்.பிராபர்ட்டீஸ் கோப்பில் ஜாவா ஹோம் வரி இருந்தால் அதுவே வெல்லும். திட்டத்தில் ஒன்றும் வீட்டு ஃபோல்டரின் .கிரேடிலுக்குள் ஒன்றுமாக இரண்டு இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குள் ‘கிரேடில் ஜேடிகே’ என்று தனி அமைப்பு உண்டு, அதனால்தான் ஸ்டுடியோவில் பில்ட் ஆவது டெர்மினலில் ஆகாமல் போகிறது. ஃப்ளட்டர் ஸ்டுடியோவோடு வந்த ஜாவாவைத்தான் முதலில் எடுக்கும், ஜாவா_ஹோமை அதற்குப் பிறகே பார்க்கும். வேறு வேண்டுமென்றால் ‘ஃப்ளட்டர் கான்ஃபிக் --ஜேடிகே-டிர்’ என்று பாதையைக் கொடுங்கள். எஸ்டிகேக்கு, திட்டத்தில் உள்ள லோக்கல்.பிராபர்ட்டீஸ் ஆண்ட்ராய்டு_ஹோமை மீறும். அடுத்தவரின் கணினிப் பாதையோடு அந்தக் கோப்பு கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) ஏறி வந்திருந்தால் அழித்துவிடுங்கள். ஸ்டுடியோ புதிதாக எழுதிக்கொள்ளும்.

9. கடவுச்சொல்லும் ஏபிஐ சாவியும்

கடவுச்சொல்லையும், இணையச் சேவைகளை அழைக்கத் தரும் ஏபிஐ சாவியையும் .புரொஃபைலிலோ விண்டோஸ் திரையிலோ எழுதாதீர்கள். நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு நிரலுக்கும் நகல் போய்விடும். திட்ட அளவில், மாறிகளை வரிக்கு ஒன்றாக எழுதும் .என்வ் கோப்பு போதும். கோப்பை உருவாக்கும் முன்பே, கிட் தவிர்க்க வேண்டிய கோப்புகளின் பட்டியலான .கிட்இக்னோரில் பெயரைச் சேருங்கள். ஒருமுறை கமிட் ஆன (கிட்டில் பதிவான) கோப்பை .கிட்இக்னோர் கண்டுகொள்ளாது; ‘கிட் ஆர்எம் --கேச்டு’ போட்டுப் பிரிக்க வேண்டும். மதிப்புகள் இல்லாமல் பெயர்கள் மட்டும் உள்ள மாதிரிக் கோப்பு ஒன்றைக் கமிட் செய்தால் அடுத்து வருபவர் உங்களிடம் கேட்காமலே தொடங்கலாம்.

நோடில் .என்வ் கோப்பைப் படிக்கும் டாட்என்வ் நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள்: ஏற்கெனவே சூழலில் இருக்கும் மதிப்பை அது மீறாது. கோப்பில் மாற்றியும் மாறவில்லை என்றால் அதே பெயர் உங்கள் ஷெல்லில் அமைந்திருக்கிறது. மதிப்புகள் எல்லாம் எழுத்துச் சரங்கள். ‘ஃபால்ஸ்’ என்று எழுதினாலும் ஜாவாஸ்கிரிப்ட் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும், சரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட் எனும் வலைக் கருவியில் ‘வீட்_’ என்றும் நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் ‘நெக்ஸ்ட்_பப்ளிக்_’ என்றும் தொடங்கும் மாறிகள் உலாவிக்குப் போகும் கோப்பிலேயே பதிந்துவிடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ரகசியத்துக்கு அந்த முன்னொட்டைத் தராதீர்கள்.

விண்டோஸில் எழுதிய .என்வ் கோப்பை லினக்ஸ் ஷெல்லில் ‘சோர்ஸ்’ செய்தால் ஒவ்வொரு மதிப்பின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். சாவி சரியாக இருந்தும் சர்வர் மறுக்கும். எடிட்டரின் கீழ்ப் பட்டையில் சிஆர்எல்எஃப் (விண்டோஸின் வரி முடிவுக் குறி) என்று இருந்தால் எல்எஃப்புக்கு மாற்றிச் சேமியுங்கள். டாக்கரின் ‘ரன்’ கட்டளைக்கு --என்வ்-ஃபைல் தரும்போது மேற்கோள் குறிகளை நீக்கிவிடுங்கள், அது அவற்றையும் மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

சாவி பொது ரெப்போவுக்குப் போய்விட்டால், முதலில் சாவியை வழங்கிய சேவையின் தளத்தில் அதை ரத்து செய்து புதியதை வாங்குங்கள். கிட் வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு. கமிட்டை அழித்துவிட்டோம் என்று பழைய சாவியையே தொடர்ந்து வைத்திருக்காதீர்கள், அதற்குள் நகலெடுக்கப்பட்டிருக்கலாம்.